கருங்கல்லும் அதன் மணிகளும்

(வெள்ளிவிழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கல்லைப் பற்றியா பேசப் போகிறோம் என்று நண்பர் சிலர் வியந்தனர். வியப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த அவையில் அமர்ந்திருக்கும் குடும்பங்களுள் கல்லுடைத்து உலையேற்றிய குடும்பங்கள் பல. உளியும் சம்மட்டியும் கடப்பாரையும் ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் முன்பே நம் வீடுகளுக்குள் வந்தவை. கல்லின் எடை நமக்குத் தெரியும். எங்கே அடித்தால் பிளக்கும், எங்கே அடித்தால் சிதறும் என்பதும் தெரியும். அக்கல் எவ்வாறு உண்டாயிற்று என்பதை மட்டும் நம் முன்னோர்க்கு எவரும் சொன்னதில்லை. ஆகவே இன்று அதனைப் பேசுவோம்.

இக்கேள்விக்குப் பள்ளிப் பாடநூலில் ஒரு வரி விடை உண்டு. பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு மெதுவாகக் குளிர்வதால் கருங்கல்லின் படிகங்கள் பெரியனவாக உள்ளன என்பது அது. தேர்வில் அவ்வரியை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். தவறான வரியும் அன்று. ஆனால் மெதுவாகக் குளிர்ந்தால் மணி ஏன் பெரிதாக வேண்டும்? சோறு மெதுவாக ஆறினால் பருக்கை பெரிதாவதில்லையே! இந்த 'ஏன்' கேட்கப்படாதவரை அவ்வரி மனப்பாடமேயன்றி அறிவாகாது. நம் பிள்ளைகள் மனப்பாடத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதே இந்தப் பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம்.

முதலில் கல்லை உற்று நோக்குவோம். புதிதாக உடைத்த கருங்கல்லின் முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தால் மூன்று வகை மணிகள் தெரியும். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகத்தோடு பளிச்சிடுவது ஃபெல்ஸ்பார். கண்ணாடிச் சில்லுப்போல், சாம்பல் சாயலோடு, ஒழுங்கான முகமின்றி உடைவது குவார்ட்ஸ். ஊர்ப்புறத்தில் வெங்கச்சங்கல் என்று நாம் அறிந்த பொருளே இது. நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும் கரிய மினுக்கு மைக்கா. காக்காப்பொன் என்று சிறுவர் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பொருள் இவ்வினத்தது. இம்மணிகளை ஒட்டிவைக்கும் சாந்து எதுவும் கருங்கல்லில் இல்லை. மணலும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகியது போன்றதன்று அது. ஒரு மணியின் விளிம்பு அடுத்த மணியின் விளிம்போடு கோத்துக்கொண்டு நிற்கிறது. கல்லின் உறுதிக்குக் காரணம் அந்தக் கோப்புத்தான்.

கருங்கல் என்று நாம் அழைப்பதெல்லாம் அறிவியலார் கிரானைட் என்று அழைப்பதன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரப் பகுதிகளில் உடைக்கப்பட்ட கரிய கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்தது என்று கண்டு, தாமஸ் ஹாலந்து என்ற புவியியலார் 1893-இல் இப்பெயரை இட்டார். உடைத்தவனின் பெயர் கல்லுக்கு வருவதில்லை. அடியில் கிடந்தவனின் பெயர் வந்தது! வணிகத்தில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் டோலரைட், காப்ரோ முதலிய வேறு இனப் பாறையே. மெய்யான கிரானைட்டுக்கு நம் நாட்டில் எடுத்துக்காட்டு வேண்டுமாயின் சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பகுதியைச் சொல்லலாம். அங்குள்ள கிரானைட்டின் அகவை ஏறத்தாழ 50 கோடி ஆண்டு. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா ஆகிய நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதி இணைந்து கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவான காலத்தை ஒட்டியது அது.

இத்தகைய கல் நெருப்பிலிருந்து பிறந்தது என்பதை இன்று குழந்தையும் சொல்லும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அறிஞரும் ஒப்பவில்லை. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரில் கனிமவியல் கற்பித்த வெர்னர் என்பார், ஆதியில் உலகை மூடியிருந்த கடல்நீரிலிருந்து உப்புப் படிவது போல் கிரானைட் படிந்தது என்றார். அவர் பெரிய ஆசிரியர். ஐரோப்பா முழுவதிலும் அவர் மாணவர் இருந்தனர். ஆகவே அக்கருத்துக்கு எதிர்ப்பேச்சு எழுவது அரிதாயிருந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் மாற்றுக் கருத்துடையவர். கிரானைட் உருகிய நிலையில் கீழிருந்து வந்திருந்தால், மேலிருந்த பழைய பாறையின் வெடிப்புகளுக்குள் அது புகுந்த தடம் எங்கேனும் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். 1785-இல் கிளென் டில்ட் என்னும் மலைப் பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகையில் அத்தடத்தைக் கண்டார். கரும்பாறையைக் கிழித்துக்கொண்டு செந்நிறக் கிரானைட் நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. அவர் கொண்ட களிப்பைப் பார்த்த வழிகாட்டிகள், பொன்னோ வெள்ளியோ அகப்பட்டுவிட்டது என்றே நினைத்தனராம்.

ஆயினும் ஒரு தடை எஞ்சியது. உருகிய பொருள் ஆறினால் கண்ணாடி ஆகும். மணி மணியான கல் எவ்வாறு ஆகும் என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். நேர்மையான கேள்விதான். அதற்குரிய விடையின் நுனி ஒரு தொழிற்கூடத்தில் கிடைத்தது. எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தில் பச்சைப் புட்டி செய்யும் கண்ணாடி ஆலை ஒன்று இருந்தது. அங்கே உருகிய கண்ணாடி ஒருமுறை தற்செயலாக மிக மெதுவாக ஆறிப்போய், ஒளி புகாத கல்போல் ஆகிவிட்டது. ஆலைக்கு அது வீண் பொருள். ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால் அதில் விடையைக் கண்டார். அந்நாட்டில் தெருக்களில் பாவும் கரிய தீப்பாறையை இரும்பு வார்ப்புச்சாலை உலையில் உருக்கினார். விரைந்து ஆறவிட்டபோது கண்ணாடியும், மெல்ல ஆறவிட்டபோது மணிகள் கொண்ட கல்லும் கிடைத்தன. ஒரே பொருள்தான், ஆறிய முறை வேறு. உலையில் சிறிது உருக்கிப் பார்த்து இயற்கையின் பெருஞ்செயலை அளப்பதை ஹட்டன் விரும்பாதவர். அவர் 1797-இல் மறைந்த பின்னரே, 1798-இல், ஹால் தம் சோதனைகளை அவையில் படித்தார்.

இனி அப்பாறைக்குழம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் கூடுகிறது. கண்டங்கள் மோதி மேலோடு தடித்துப் போகும்போதும், இன்னும் ஆழத்திலிருந்து அதிகச் சூடான குழம்பு வந்து அடியில் தேங்கும்போதும், மேலோட்டின் அடிப்பகுதிப் பாறைகள் உருகத் தொடங்குகின்றன. வறண்ட நிலையில் கிரானைட் உருக 950 பாகைக்கு மேல் வேண்டும். மிகு அழுத்தத்தில் நீரும் உடனிருந்தால் 650 முதல் 700 பாகையிலேயே உருகத் தொடங்கும். டட்டில், போவன் என்ற இரு அறிஞர்கள் 1958-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஐயமறக் காட்டிற்று. அந்த ஆழத்தில் நீர் ஏது எனலாம். மைக்கா போன்ற கனிமங்களின் உடலுக்குள்ளேயே நீர் பிணைந்திருக்கிறது. சூடேறும்போது அது வெளிப்படும். கிரானைட் எல்லாம் இப்படி மேலோடு உருகியே பிறந்தது என்றும் கொள்ளக் கூடாது. பசால்ட் வகைக் குழம்பிலிருந்து முதலில் உறையும் கனிமங்கள் விலகிவிட, எஞ்சியது கிரானைட்டாக ஆவதும் உண்டு.

இவ்வாறு திரண்ட குழம்பு, சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது. ஆகவே வெடிப்புகள் வழியே மேலேறுகிறது. ஆனால் அதில் சிலிக்கா நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் இருப்பதால் மிகவும் பிசுபிசுப்பானது. பெரும்பகுதி தரையை எட்டாமலே, சில கிலோமீட்டர் முதல் 10, 15 கிலோமீட்டர் வரையான ஆழத்தில் நின்றுவிடுகிறது. அங்கேதான் குளிர்ச்சி தொடங்குகிறது.

எவ்வளவு மெதுவான குளிர்ச்சி என்பதை மாணவர்கள் கணக்கிட்டே பார்க்கலாம். பாறை வெப்பத்தை மிக மந்தமாகக் கடத்தும் பொருள். ஒரு மீட்டர் பருமனுள்ள குழம்பு தன் வெப்பத்தைச் சுற்றுப்பாறைக்கு இழக்க ஏறக்குறைய 12 நாள் ஆகும். பருமன் பத்து மடங்கானால் காலமும் பத்து மடங்கு ஆகுமா? இல்லை, பத்தைப் பத்தால் பெருக்கிய நூறு மடங்கு ஆகும். எனவே 10 மீட்டருக்கு மூன்று ஆண்டுக்கு மேல். 100 மீட்டருக்கு முந்நூறு ஆண்டு. ஒரு கிலோமீட்டருக்கு முப்பதாயிரம் ஆண்டு. இது தோராயக் கணக்கே. ஆயினும் வாய்பாடு தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு. அதே குழம்பு எரிமலை வாயிலாகத் தரைக்கு வந்து காற்றிலோ நீரிலோ பட்டால் நாள்களில், சில வேளை நொடிகளில் உறைந்துவிடும். அப்போது கிடைப்பது கண்ணுக்கு மணி தெரியாத ரையோலைட் என்னும் பாறை, அல்லது அப்சீடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி. வேதியியலாரிடம் கொடுத்துப் பகுத்துப் பார்த்தால் கிரானைட்டுக்கும் அப்சீடியனுக்கும் கூட்டுப்பொருளில் பெரிய வேறுபாடு காண இயலாது. பிறந்த பொருள் ஒன்று. வாய்த்த சூழல் வேறு. இதற்கு மேல் இதை விரிக்க வேண்டுவதில்லை. இந்த அவைக்கு அது புரியும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். காலம் கிடைத்தால் மணி ஏன் பெரிதாகிறது? இதற்குப் பனந்தோப்புக்குப் போக வேண்டும். பதநீரை நன்றாகக் காய்ச்சி, பாகு இறுகும் பதத்தில் கிளறிச் சிரட்டையில் ஊற்றினால் சிறிது நேரத்தில் கருப்பட்டி. உடைத்துப் பார்த்தால் மாவுபோல் நுண்மணி. அதே பதநீரைச் சற்று இளம்பாகில் இறக்கி, நூல் தொங்கவிட்ட கலத்தில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் ஒரு மாதத்திற்கும் மேலாக வைத்திருந்தால் நூலைப் பற்றிக்கொண்டு பனங்கற்கண்டு. விரல் பருமனில் படிகம்! பனைத்தொழிலாளர் இதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

அங்கே நடப்பது இதுதான். படிகம் வளர ஒரு கரு வேண்டும். குழம்பில் அலையும் அணுக்கள் தற்செயலாகக் கூடிச் சிறு கூட்டம் ஆகின்றன. அக்கூட்டம் மிகச் சிறிதாயின் மீண்டும் கரைந்துவிடும். ஓரளவுக்கு மேல் பெருத்தால் மட்டுமே நிலைத்துக் கருவாகும். உறையும் வெப்பநிலைக்குச் சற்றே கீழே உள்ள குழம்பில் இவ்வாறு நிலைப்பவை மிகச் சில. ஆனால் நிலைத்துவிட்ட கருவோ தடையின்றி வளரும். கருக்கள் சிலவானதால் ஒவ்வொன்றுக்கும் சேரும் பொருள் மிகுதி; மணி பெரிதாகிறது. குளிர்ச்சி விரைவாயின் குழம்பு உறைநிலைக்கு வெகு கீழே தள்ளப்படுகிறது. அப்போது சிறு கூட்டங்களும் பிழைத்து எங்கும் கருக்கள் முளைக்கின்றன. ஒன்றை ஒன்று நெருக்கி, எதுவும் பெரிதாக இடமில்லாமல் போகிறது. இன்னும் விரைவாயின் அணுக்கள் நகரவே இயலாதபடி குழம்பு விறைத்துக் கண்ணாடியாகிவிடும். ஆகவே மணியின் அளவைத் தீர்மானிப்பது கருக்களின் தொகை. காலத்தின் பணி, கருக்கள் பெருகாமல் பார்த்துக்கொள்வதும், இருப்பவை வளர இடம் தருவதுமே.

இதற்குச் சான்று உண்டு. 1977-இல் ஸ்வான்சன் என்ற அமெரிக்கர், நீர் கலந்த கிரானைட் குழம்பை அழுத்தக் கலத்தில் வைத்துச் சோதித்தார். தக்க நிலையில் சில நாள்களிலேயே மில்லிமீட்டர் அளவுக்குப் படிகங்கள் வளர்ந்தன. அங்ஙனமாயின், கருங்கல்லில் நாம் காணும் மணி வளர முப்பதாயிரம் ஆண்டு தேவையே இல்லை! காலம் மட்டுமே காரணமாயின் நம் கருங்கற்களின் மணிகள் பூசணிக்காய் அளவில் இருந்திருக்க வேண்டும்.

நீரின் பங்கையும் மறக்கலாகாது. ஆழத்தின் அழுத்தத்தில் குழம்பு தன் எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு நீரைக் கரைத்து வைத்திருக்க முடியும். அந்நீர் சிலிக்காவின் நீண்ட பிணைப்புகளை அறுத்துக் குழம்பை இளக்குகிறது. அணுக்கள் தொலைவிலிருந்தும் வந்து படிகத்தில் சேர வழி பிறக்கிறது. தரைக்கு வந்த குழம்போ, மூடி திறந்த சோடாப் புட்டிபோல் நீரை ஆவியாக இழந்து விறைத்துப் போகிறது. கிரானைட் உறைந்து முடியும் தறுவாயில் எஞ்சும் சிறிதளவு குழம்பில் இந்நீர் செறிந்து நிற்கும். அது வெடிப்புகளில் புகுந்து பெக்மடைட் என்னும் பாறையாகிறது. சங்ககிரிப் பக்கத்திலும், ஆந்திரத்தின் நெல்லூர் மைக்காச் சுரங்கங்களிலும் காண்பது அதுவே. இந்நரம்புகளின் அகலம் பெரும்பாலும் சில மீட்டரே. நம் கணக்குப்படி சில ஆண்டுகளில் குளிர்ந்திருக்க வேண்டியவை. ஆயினும் கிரானைட் மணியைவிடப் பன்மடங்கு பெரிய படிகங்கள் அவற்றில்தான் உள்ளன. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு சுரங்கத்தில் 12 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஸ்போடுமின் படிகங்கள் கிடைத்தன. பாடநூலின் ஒரு வரியை மட்டும் நம்பியவர்க்கு இது விளங்காது. கருக்கள் அரியனவாயும் அணுக்கள் எளிதில் நகர்வனவாயும் இருந்ததால் விளைந்தது என்று அறிந்தவர்க்கு விளங்கும்.

மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பிறப்பதுமில்லை. பெரும்பாலும் கரிய கனிமங்களும் ஒருவகை ஃபெல்ஸ்பாரும் முதலில் உறைகின்றன. விரிந்து கிடக்கும் குழம்பில் தமக்குரிய வடிவத்தைப் பெறுகின்றன. பிறகு மற்ற ஃபெல்ஸ்பார். குவார்ட்ஸ் பொதுவாகக் கடைசி. அதற்குள் இடமெல்லாம் பிடிபட்டுவிடுவதால் எஞ்சிய சந்துகளை நிரப்பிக்கொண்டு உருவமற்றுக் கிடக்கிறது. தனியே இடம் கிடைத்த குகைகளில் ஆறு பட்டையோடு கூர்நுனி கொண்டு நிற்பதும் இதே குவார்ட்ஸ்தான்.

ஒரு பெரிய மலைத்தொடரின் கிரானைட் முழுவதும் ஒரே கொப்பரையில் உருகிக் கிடந்து ஆறியது என்னும் பழைய எண்ணமும் இப்போது தளர்ந்துவிட்டது. கலிபோர்னியாவின் டுவாலுமி கிரானைட் தொகுதியில் சிர்க்கான் மணிகளின் அகவையை அளந்த அறிஞர்கள், அது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக் காலத்தில் தவணை தவணையாகக் குழம்பு வந்து சேர்ந்து உருவானது என்று 2004-இல் எழுதினர். இதுபற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆழத்தில் பிறந்த கல் இன்று குன்றாக நிற்பதற்குக் காரணம், மேலிருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை மழையாலும் ஆற்றாலும் அரிக்கப்பட்டுப் போனமையே. மேற்சுமை நீங்கிய பாறை சற்றே விரிந்து, தரைக்கு இணையாகத் தகடு தகடாக வெடிக்கிறது. அத்தகடுகளை நம்மவர் நன்கு அறிவர். பாறையின்மேல் நெருப்பு மூட்டி, சூட்டில் உப்பும் ஏட்டைப் பெயர்த்தெடுத்த பழைய தொழில்முறை இவ்வியல்பைப் பயன்கொண்டதே. பெருமணிக் கல் உளிமுனையில் பொரிந்து விளிம்பு உதிரும், நுண்மணிக் கல்லில்தான் நுணுக்க வேலை நிற்கும் என்று அவர்கள் கைப்பழக்கத்தால் கண்டது, நாம் இதுவரை சொன்ன மணிக்கோப்பின் விளைவே. அக்கைகள் பெயர்த்த கல்லால் எழுந்த பல கோயில்களுக்குள் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அக்கைக்குரியோர் நுழைய இயலாதிருந்தது என்பதும் இக்கல்லின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

பெற்றோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். மணியாக இருக்கும்வரை குவார்ட்ஸ் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. துளைப்பொறியும் அரவைப்பொறியும் அதைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கும்போது, அத்தூள் மூச்சோடு நுரையீரலின் அடிவரை சென்று தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. வந்தபின் தீர்க்கும் மருந்து அதற்கு இல்லை. தண்ணீர் பாய்ச்சி ஈரத்தில் துளைப்பதும், தூளைத் தடுக்கும் முகமூடி அணிவதும் குவாரி முதலாளி காட்டும் சலுகை அல்ல. தொழிலாளி கேட்டுப் பெற வேண்டியவை. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. அந்தத் தூள் துணியின் இழைகளுக்கிடையே எளிதில் நுழைந்துவிடும்.

கடைசியாக ஆற்றுமணல். மழையிலும் வெயிலிலும் கிடக்கும் கருங்கல்லில் ஃபெல்ஸ்பார் மெல்ல மெல்ல மக்கிக் களிமண்ணாகிறது, மைக்காவும் சிதைகிறது. குவார்ட்ஸ் மட்டும் மக்காமல் உதிர்ந்து ஆற்றோடு போகிறது. நம் ஆற்றுப்படுகைகளில் அள்ளும் பருமணலில் பெரும்பகுதி, கருங்கல்லிலிருந்தும் அதன் உறவான பாறைகளிலிருந்தும் இப்படிக் கழன்று வந்த மணிகளே. ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால், பூமியின் ஆழத்தில் அந்தக் குவார்ட்சுக்குக் கடைசியாக எஞ்சிய சந்து எவ்வளவு பெரிதாயிருந்தது என்பதை ஏறத்தாழ அளந்துவிடலாம்.